கறுப்பு வெள்ளைப் படமும் நம் கைப்பக்குவமும்

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிக் கள்ளக்குறிச்சியில் நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவில் வெள்ளியைப் பற்றிப் பேசுவதே பொருத்தம் என்று கருதினோம். மேற்கே நோக்கினால் கல்வராயன் மலை தெரிகிறது. அம்மலைமேல் வெள்ளிமலை என்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் பெயரில் இருக்கும் வெள்ளியை எங்களில் எவரும் கண்டதில்லை. ஆனால் நம் இல்லச் சுவர்களில் தொங்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கறுப்பாகத் தெரிவது அனைத்தும் வெள்ளிதான். நுண்ணிய இழைகளாகத் திரண்ட வெள்ளி பளபளப்பதில்லை, கறுத்தே தோன்றும். அந்த வெள்ளியைப் படச்சுருளில் வெளிக்கொணரும் மருந்துக்கு டெவலப்பர் என்று பெயர். 'உருத்துலக்கி' என்று கலைச்சொல் ஆக்கியிருக்கின்றனர். நல்ல சொல்தான், ஆயினும் கடையில் கேட்டால் கிடைப்பது டெவலப்பரே. அதை வீட்டிலேயே கலப்பது எப்படி, கையாள்வது எப்படி என்பதே நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள்.

விழாக் குழுவினர் எங்களைப் போட்டித் தேர்வுகள் பற்றிப் பேசுமாறுதான் முதலில் பணித்தார்கள். அதற்கு எங்களினும் தக்கவர் பலர் இம்மேடையிலேயே வீற்றிருக்கின்றனர். நாங்கள் இந்தப் பொருளைச் சொன்னபோது, "ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் படம் எடுக்கும் செல்பேசி இருக்கும் காலத்தில் இருட்டறை எதற்கு?" என்று உறுப்பினர் ஒருவர் வினவினார். நியாயமான வினா. அதற்கு விடையாக ஒரு கோட்டின் கதையைச் சொல்லித் தொடங்குகிறோம்.

1980-களின் தொடக்கம். விடுதிச் சேர்க்கை விண்ணப்பத்தில் ஒட்டுவதற்கு எங்களில் மூவர்க்குப் படம் தேவைப்பட்டது. ஒரு நகரத்து ஸ்டுடியோவுக்குச் சென்றோம். அதன் பெயர் வேண்டா, கடையும் இன்றில்லை. உள்ளே சுவரில் ஒரு கறுப்புக் கோட்டு, ஒரு டை. கண்ணாடிக்குக் கீழே சீப்பும் பவுடர் டப்பாவும். எங்களுக்கு முன் அமர்ந்த மாணவனுக்குக் கடைக்காரரே கோட்டை மாட்டி, டையைச் சரிசெய்துவிட்டார். எங்கள் முறை வந்தது. ரசீது எழுத ஊரும் தெருவும் கேட்டார், சொன்னோம். கோட்டு சுவரிலேயே தொங்கியது. "உங்களுக்குச் சட்டையே போதும்" என்றார். சீப்பும் நீட்டப்படவில்லை. காசு மட்டும் எல்லார்க்கும் ஒன்றுதான்! அந்தப் படங்கள் இன்றும் எங்களிடம் உள்ளன. மூவர்க்கும் தலை கலைந்தே இருக்கிறது.

பின்னர் எங்களில் ஒருவர் வேறொரு ஸ்டுடியோவில் எடுபிடி ஆளாகச் சேர்ந்தார். தரை பெருக்குவது, படங்களைத் தண்ணீரில் அலசுவது, கயிற்றில் மாட்டி உலர்த்துவது அவர் வேலை. மருந்து கலக்கும் நேரம் வந்தால் முதலாளி அவரை வெளியே அனுப்பிவிடுவார். பெயர் கிழித்த இரண்டு பொட்டலங்கள். ஒன்று சிறிது, ஒன்று பெரிது. "அது தொழில் ரகசியம், உனக்கு விளங்காது" என்பது அவர் வழக்கமான மறுமொழி. ஈராண்டு அங்கே உழைத்தும் அந்தப் பொட்டலங்களின் பெயர் நம்மவர்க்குத் தெரியவில்லை. பிறகு ஒருநாள் நூலகத்தில் பழைய புகைப்பட நூல் ஒன்றைப் புரட்டியபோது, அந்த ரகசியம் நான்கே வரிகளில், எடையோடும் அளவோடும் அச்சிடப்பட்டிருந்தது. உலகத்தார் அனைவர்க்கும் வெளியிடப்பட்டிருந்த ஒன்றை எங்களுக்கு மட்டும் முதுகைத் திருப்பிக்கொண்டு கலந்திருக்கிறார்கள். அன்று எங்களுக்கு வந்தது சினமா, சிரிப்பா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

இளைஞர்களே! புகைப்படக் கலை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1850-களிலேயே சென்னையில் புகைப்படச் சங்கம் தோன்றிவிட்டது. அதே காலத்தில் லின்னேயஸ் டிரைப் என்னும் இராணுவ அதிகாரி, சென்னை அரசின் புகைப்படக்காரராக மதுரைக்கும் தஞ்சைக்கும் வந்து, 1858-இல் கோயில்களையும் கோட்டைகளையும் காகித நெகட்டிவுகளில் படம் பிடித்தார். பின்னர் மனிதர்களின்பால் கருவி திரும்பிற்று. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார், படமும் எடுத்தார். அவர் ரங்காச்சாரி என்பவர் துணையோடு எழுதிய, தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகள் 1909-இல் வெளிவந்தன. நம் மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களைப் பற்றியும் அதில் கட்டுரை உண்டு. அக்காலத்து இத்தகைய படங்களின் கீழே ஆளின் பெயர் பெரும்பாலும் இராது; சாதியின் பெயரே இருக்கும். நாம் படம் எடுக்கப்பட்டோமே தவிர, படம் எடுத்தோமில்லை. எடுக்கப்பட்ட படமும் நம்மிடம் வந்து சேரவில்லை.

இதற்கு விதிவிலக்காக நின்ற சிலர் உண்டு. 1930-ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்கு அண்ணல் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனாரும் சென்றனர். அண்ணலின் திருவுருவத்தை இன்று நாம் வண்ணம் தீட்டி வைத்திருக்கிறோம். அவற்றுள் பலவற்றிற்கு மூலம் கறுப்பு வெள்ளைப் படமே. எங்கோ ஓர் இருட்டறையில், இனி நாங்கள் சொல்லப்போவது போன்ற ஒரு மருந்து நீரில்தான் அம்முகம் தோன்றியிருக்க வேண்டும்.

இனிப் படச்சுருளின் அமைப்பைச் சற்றுக் காண்போம். தெளிந்த பிளாஸ்டிக் நாடா ஒன்று; அதன்மேல் மெல்லிய ஜெலட்டின் பூச்சு; அப்பூச்சுக்குள் வெள்ளி ஹாலைடு என்னும் நுண்படிகங்கள் தூவிக் கிடக்கின்றன. ஜெலட்டின் எதிலிருந்து கிடைக்கிறது என்பதைக் கேளுங்கள். மாட்டின் தோலையும் எலும்பையும் பதப்படுத்திக் காய்ச்சி எடுக்கின்றனர். 1871-இல் ரிச்சர்டு மேடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து தகட்டில் பூசும் முறையை வெளியிட்டார். அன்று தொட்டு இன்றுவரை அதற்கு ஈடான வேறு பொருள் நிலைபெறவில்லை. வியப்பு இன்னும் உண்டு. சில ஜெலட்டின்கள் ஒளியை நன்கு வாங்குவதும், சில வாங்காததும் ஏன் என்று தெரியாமல் தொழிற்சாலைகள் திகைத்திருந்தன. கோடாக் நிறுவனத்தின் ஆய்வாளர் சாமுவேல் ஷெப்பர்டு 1925 அளவில் காரணத்தைக் கண்டறிந்தார். கடுகு இனச் செடிகளில் உள்ள கந்தகச் சேர்மத்தின் சிறு எச்சம் ஜெலட்டினில் கலந்திருப்பதே படிகங்களுக்கு அந்த உணர்ச்சியைத் தருகிறது என்றார். மாடு மேய்ந்த புல்லும் செடியும் படத்தின் தரத்தை முடிவு செய்திருக்கின்றன!

செத்த மாட்டைத் தொட்டவன் தீண்டத்தகாதவன் என்று நம் பாட்டன்மார்க்கு ஓர் ஒதுக்கிடம் கட்டினார்கள். தோலை உரித்தவனும் பதனிட்டவனும் தீட்டு. ஆனால் ஒவ்வோர் அக்கிரகாரத்து வீட்டிலும், ஒவ்வொரு பண்ணையார் வீட்டிலும், பூசையறையில் சந்தனப் பொட்டிட்டு மாலை சூட்டிய மூதாதையர் படம் எதில் பதிந்திருக்கிறது? மாட்டுத் தோலின் சாரத்தில். அதைத் தீட்டென்று கழற்றி எறிந்தவர் எவரையும் நாங்கள் கேள்வியுற்றதில்லை.

கடுக்காயின் கதையும் இதனோடு சேர்ந்தது. கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. அதே கடுக்காயையும் ஆவாரம்பட்டையையும் கொண்டுதான் நம்மவர் தோல் பதனிட்டனர். கடுக்காயின் துவர்ப்பில் கேலிக் அமிலம் கலந்திருக்கிறது. ஃபாக்ஸ் டால்பட் என்னும் ஆங்கிலேயர் 1840-இல், கண்ணுக்குத் தெரியாமல் காகிதத்தில் மறைந்திருந்த உருவத்தை முதன்முதல் வெளிக்கொணர்ந்தது இந்தக் கேலிக் அமிலத்தைக் கொண்டே. அவர் அதை வேறு தாவரப் பொருளிலிருந்து பெற்றார். தஞ்சைப் பெரிய கோயிலைப் படம் பிடித்த டிரைப்பின் காகித நெகட்டிவுகளும் கேலிக் அமிலத்தால் உருத் துலங்கியவையே. கேலிக் அமிலத்தைச் சூடாக்கினால் கிடைக்கும் பைரோகேலால் என்னும் பொருள் அதன்பின் நெடுங்காலம் டெவலப்பராக ஆண்டது. ஆக, இக்கலையின் முதல் மருந்து நம் தாத்தாவின் தோல் தொட்டிக்கு உறவு.

இதைக் கேட்டவுடன் சிலர்க்குக் கடுக்காயைக் காய்ச்சிப் பார்க்கும் ஆவல் பிறக்கும். எங்களுக்கும் பிறந்தது. கடுக்காய்க் கியாழத்தில் சலவைச் சோடாவைக் கலந்து, ஒரு துண்டுப் புகைப்படத் தாளை முக்கிப் பார்த்தோம். பழுப்புக் கறையோடு மங்கலாக ஏதோ தோன்றியது. அதைப் படம் என்று கூறினால் பொய்யாகும். விளையாட்டுக்கு ஆகும், விலைமிக்க படச்சுருளை அதில் இடவேண்டா.

டெவலப்பர் செய்யும் வேலை யாது? காமிராவின் கதவு நொடிப் பொழுது திறக்கும்போது, ஒளிபட்ட படிகத்தில் ஒரு சில வெள்ளி அணுக்கள் மட்டும் பிரிந்து நிற்கின்றன. அதுவே மறைந்த உருவம். டெவலப்பர் அப்படிகத்திற்கு எலக்ட்ரான்களை வழங்கி, அதை முழுவதும் வெள்ளியாக மாற்றுகிறது. ஒளிபடாத படிகத்தை, குறித்த நேரம் வரையில், தொடாமல் விடுகிறது. பள்ளியில் ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று படிக்கிறீர்களே, அதுதான். சில அணுக்கள் கோடிக்கணக்கான மடங்காகப் பெருகுகின்றன. வேதியியல் பாடம் விளங்கவில்லை என்று வருந்தும் மாணவர்களை நாங்கள் ஒருமுறை இருட்டறைக்கு அழைத்துச் செல்வது இதற்காகவே.

இனி முறைக்கு வருவோம். எளிமையானது கோடாக்கின் டி-23 என்னும் கலவை. அதில் இரண்டே பொருள்கள்: ஒரு லிட்டருக்கு மெட்டால் 7.5 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம். நம்மவரை வெளியே அனுப்பிவிட்டுக் கலந்தார்களே, அந்த இரு பொட்டலங்கள் இவை போன்றவையே! மெட்டால் 1891 முதல் விற்பனையில் உள்ள பொருள். உருவைத் துலக்குவது அதுவே. சல்பைட் அதைக் காற்றில் கெடாமல் காக்கிறது. நீருக்குச் சிறிது காரத்தன்மையும் தருகிறது. இரண்டாவது, 1920-களிலிருந்து உலகெங்கும் புகழ்பெற்ற டி-76: மெட்டால் 2 கிராம், சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். இல்ஃபோர்டு நிறுவனத்தின் ஐடி-11 ஏறத்தாழ இதுவே. மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் சேர்ந்தால், தனித்தனியே ஆற்றும் வேலையின் கூட்டுத்தொகையைவிட மிகுதியாக ஆற்றுகின்றன. சங்கம் வைத்துப் பழகிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

எடையைப் பொறுத்தவரை, அன்று நாங்கள் பொற்கொல்லர் ஒருவரின் தராசை இரவல் வாங்கினோம். இன்று பத்தில் ஒரு கிராம் காட்டும் சிறு மின்னணுத் தராசு எளிய விலைக்குக் கிடைக்கிறது, அதை வாங்குக. பொருள்களைச் சென்னை, சேலம் போன்ற நகரங்களில் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கேட்கலாம். கேட்கும்போது ஓர் எச்சரிக்கை. சல்பைட், சல்பேட், சல்பைடு என்று மூன்று உண்டு. காதுக்கு மூன்றும் உடன்பிறந்தவை, வேலையில் மூன்றும் வெவ்வேறு. ஆகவே பெயரையும் குறியீட்டையும் தாளில் எழுதிக் காட்டிப் பெறுக.

நீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். நம் ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரில் வெண்படிவு இறங்கும்; தெளிந்ததை இறுத்துக்கொள்க. மழைநீர் சேர்த்து வைத்திருந்தால் இன்னும் நன்று. 750 மில்லி நீர் 50 பாகை செல்சியஸ் சூட்டிற்கு வரும்போது கலக்கத் தொடங்கலாம். முதலில் ஒரு சிட்டிகை சல்பைட். பிறகு மெட்டால் முழுவதும். அது கரைந்து முடியும்வரை பொறுமை. அதன் பின்னரே மீதிச் சல்பைட், சிறிது சிறிதாக. டி-76 ஆயின் அதன்பின் ஹைட்ரோகுவினோன், இறுதியில் வெண்காரம். பின் குளிர்ந்த நீரைச் சேர்த்து ஒரு லிட்டர் ஆக்குக. நுரைக்க அடிக்காமல் மெல்லக் கலக்குக. காற்று இதற்குப் பகை.

இந்த வரிசையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருந்தார். மருத்துவச்சி. சேரியில் மட்டுமன்று, ஊர்த் தெருவிலும் நள்ளிரவில் கொல்லைப்புறமாக அழைக்கப்பட்டுப் பிள்ளைகளை ஏந்தியவர். விடிந்தபின் அதே வீட்டு வாசலில் ஏற முடியாதவர். வாழ்நாளில் ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை. இரவல் காமிராவில், உதகையில் ஆன 'இந்து' படச்சுருளைப் பொருத்தி, அவரைத் திண்ணையில் அமர்த்திப் படம் பிடித்தோம். தலைமுடியை அவரே கோதிக்கொண்டார். சீப்பு கொண்டு போயிருந்தோம், கொடுத்தோம், சிரித்துவிட்டு வேண்டாம் என்றார். அந்தச் சுருளுக்கென்றே எங்கள் முதல் டெவலப்பரைக் கலந்தோம். அவசரத்தில் 100 கிராம் சல்பைட்டையும் முதலில் கொட்டிவிட்டு, மேலே மெட்டாலை இட்டோம். செறிந்த சல்பைட் நீரில் மெட்டால் கரையாது என்பதை நூலில் படித்திருந்தும் மறந்தோம். வெண்திவலைகள் மிதந்தன. அழுக்கென்று எண்ணி வேட்டித் துணியால் வடிகட்டி எறிந்தோம். எறிந்தது அழுக்கன்று, மருந்தையே எறிந்துவிட்டோம்! எஞ்சிக் கரைந்திருந்த சிறிதளவு மெட்டால் தன்னால் இயன்றதைச் செய்தது. நெகட்டிவ் நிழல் போல மெலிந்து வந்தது. மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். அந்த ஐப்பசி மழையில் அவர் காலமாகிவிட்டார்.

நம் கழகக் கூடத்தில் வாயிலுக்கு இடப்புறம் தொங்குவது அந்தப் படம். மாறுபாடு மிகுந்த தாளில் பலமுறை முயன்று எடுத்தது. கண்கள் தெரிகின்றன, கைகள் தெரிகின்றன, சேலையின் கரை தெரியவில்லை. மெலிந்த நெகட்டிவில் இல்லாததை எந்தத் தாளாலும் கொண்டுவர இயலாது.

கலந்த மருந்தைப் பழுப்புப் புட்டியில் கழுத்துவரை நிரப்பி மூடுக. பாதி தீர்ந்தபின் புட்டியில் காற்று புகுமே என்பவர், கோலிக்குண்டுகளைக் கழுவி உள்ளே இட்டு மட்டத்தை உயர்த்திக்கொள்ளலாம். நாங்கள் அவ்வாறே செய்கிறோம். குளிர்பானப் புட்டியில் மட்டும் ஊற்றி வைக்காதீர். குழந்தைகள் உள்ள வீடு, ஹைட்ரோகுவினோன் நஞ்சு. பெயரையும் நாளையும் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டி, எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். சமையல் பாத்திரம் எதுவும் இதற்கு ஆகாது. இதற்கென வைத்ததை மீண்டும் அடுக்களைக்குக் கொண்டுபோகவும் ஆகாது. கையுறை அணிக. மெட்டால் சிலர்க்குத் தோலில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். ஒருமுறை வந்தவர்க்குத் திரும்பத் திரும்ப வரும். எங்களில் ஒருவர் விரல்களில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்று கையுறை என்பது மருத்துவமனைப் பொருள் என்று நினைத்திருந்தோம்.

சுருளைத் தொட்டியின் வட்டில் ஏற்றுவது முழு இருளில் செய்யவேண்டிய வேலை. சிவப்பு விளக்கு உதவாது. திரைப்படங்களில் காட்டும் சிவப்பு விளக்கு, தாளில் படம் அச்சிடும்போது மட்டுமே. இன்றைய படச்சுருள்கள் சிவப்பையும் காணும். இதை அறியாமல் ஓர் உறவினர் திருமணச் சுருளைச் சிவப்பொளியில் அவிழ்த்து, முழுவதையும் கரியாக்கிய பெருமையும் எங்களுக்கு உண்டு. அவ்வீட்டில் நெடுநாள் எங்களுக்குக் காப்பி கிடைக்கவில்லை. வீணான சுருள் ஒன்றைக் கொண்டு முதலில் வெளிச்சத்தில், பிறகு கண்ணை மூடி, பிறகு இருளில் பழகுங்கள். இதில் பெண்பிள்ளைகள் விரைவில் தேறிவிடுகிறார்கள். மல்லாட்டை உரிக்கும் விரல்களுக்கு இருள் ஒரு பொருட்டன்று.

சுருள் ஏறித் தொட்டியை மூடிவிட்டால், விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். இனி வெப்பமும் நேரமும்தான். நூல்கள் எல்லாம் 20 பாகை என்று எழுதியிருக்கும். அவை குளிர்நாட்டார் எழுதியவை. நம் ஊரில் சித்திரையில் குழாய் நீரே 30 பாகைக்கு மேல் இருக்கும். அவ்வெப்பத்தில் ஜெலட்டின் இளகி, நகம் பட்டாலே வழண்டுவிடும். ஆகவே மண்பானையை நாடினோம். புதுப்பானை நீரில் புட்டிகளை அமிழ்த்தி, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தி, இரவு பத்து மணிக்குமேல் வேலையைத் தொடங்கினால் வெப்பம் பெரிதும் இறங்கும். பனிக்கட்டி உண்டாயின் வெளித்தொட்டி நீரில் இடுக, மருந்தில் இடவேண்டா. மார்கழியில் வெள்ளிமலைப் பக்கம் இருப்பவர்க்கு இந்தத் தொல்லையே இல்லை.

இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் என்னும் சுருளுக்கு, 20 பாகையில் ஐடி-11 மருந்தை அப்படியே ஊற்றினால் ஏழரை நிமிடம். சம அளவு நீர் சேர்த்தால் 13 நிமிடம். வெப்பம் ஒரு பாகை ஏறினால் நேரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைக்கவேண்டும். 24 பாகையில் அந்த 13 நிமிடம் 9 ஆகிவிடும். ஐந்து நிமிடத்திற்குக் கீழே போனால் படம் திட்டுத்திட்டாக வரும். ஆதலின் நம் பகுதிக்கு நீர் சேர்த்த முறையே உகந்தது. சிக்கனமும் அதுவே, ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிடலாம். டி-23-ஐ நீர் சேர்க்காமல் எட்டு நிமிட அளவில் தொடங்கிப் பார்த்து, உங்கள் காமிராவுக்கும் கண்ணுக்கும் ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்க. ஊற்றியவுடன் பத்து நொடி தொட்டியைக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்துக. பிறகு ஒவ்வொரு நிமிடத்திலும் பத்து நொடி. காற்றுக் குமிழி ஒட்டாதிருக்க அடியைத் தட்டுக. நேரம் முடிந்ததும் மருந்தை இறக்கி, நீரால் ஒருமுறை அலசுக. வெள்ளை வினிகர் ஒரு பங்கிற்கு நீர் மூன்று பங்கு சேர்த்து ஊற்றினால் மருந்தின் வேலை உடனே நிற்கும்.

அடுத்தது ஹைப்போ. ஒரு லிட்டருக்கு ஹைப்போப் படிகம் 250 கிராம், பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் 25 கிராம். ஹைப்போ கரையும்போது நீர் தானே குளிர்ந்துவிடும்; ஆதலின் வெந்நீரில் தொடங்குக. மெட்டாபைசல்பைட்டை நீர் ஆறிய பின்னரே இடுக. சூட்டில் இட்டால் கந்தகம் பிரிந்து பால்போல் ஆகிவிடும். அதன் நெடி மூச்சிரைப்பு உள்ளவர்க்கு ஆகாது, சன்னலைத் திறந்துவைக்கவும். ஒரு துண்டுச் சுருளை ஹைப்போவில் போட்டுப் பாருங்கள். அது எத்தனை நிமிடத்தில் தெளிகிறதோ அதைப் போல் இருமடங்கு நேரம் உங்கள் சுருள் அதில் இருக்கவேண்டும். தெளியும் நேரம் புது மருந்தில் ஆனதைவிட இருமடங்காயின், அந்த ஹைப்போவின் ஆயுள் முடிந்தது.

இங்கேதான் பலரும் சிக்கனம் பார்க்கின்றனர். நம் கழகத் தொடக்க விழாவின் படங்களை ஓர் ஸ்டுடியோவில் எடுத்தோம். பதினைந்து ஆண்டுகளில் பழுப்பேறி, பெரியவர்களின் முகங்கள் தேய்ந்துவிட்டன. பழைய ஹைப்போ, போதாத அலசல். நெகட்டிவைக் கேட்டபோது, எறிந்துவிட்டோம் என்றார்கள். கேளாமல் விட்டது நம் பிழை. நெகட்டிவ் நம்முடையது என்பதே நமக்குத் தோன்றவில்லை.

அலசுவதற்கு ஓடும் நீர் வேண்டும் என்பார்கள். குழாயில் நீர் வரும் நேரமறிந்து குடம் வைக்கும் நமக்கு அது எங்கே? இல்ஃபோர்டு வகுத்த ஒரு முறை நமக்கென்றே செய்தது போலிருக்கிறது. தொட்டியில் நீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டுக. மறுபடி நிரப்பிப் பத்து முறை. மறுபடி நிரப்பி இருபது முறை. நாங்கள் எச்சரிக்கைக்காக மேலும் இருமுறை மாற்றுகிறோம். ஒரு குடம் நீரே மிகுதி. கடைசி அலசலை மழைநீரிலோ காய்ச்சி வடித்த நீரிலோ, பாத்திரம் துலக்கும் திரவத்தின் ஒரே ஒரு துளியோடு செய்தால் நீர்த்துளிக் கறை படியாது. தீர்ந்த ஹைப்போவில் வெள்ளி இருக்கிறது. வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றாதீர். வாளியில் சேர்த்து இரும்புக் கம்பிச் சுருளைப் போட்டுவைத்தால் வெள்ளி கசடாக அடியில் தங்கும்.

படச்சுருளின் விலை இன்று ஏறிவிட்டது, அதை மறைக்கவில்லை. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்டு, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. 'இந்து' சுருள் இனி வராது. வெளிநாட்டுச் சுருளையே நம்பவேண்டும். மருந்துச் செலவு ஒன்றே நம் கையில் உள்ளது. அதைத்தான் குறைக்கக் கற்றுக்கொண்டோம். மெட்டால் கிடைக்காத இடத்திலும் வழியுண்டு. 1995-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்காட் வில்லியம்ஸ் என்னும் பேராசிரியரும் மாணவர்களும் காப்பித்தூளால் படம் துலக்கிக் காட்டினர். அது வளர்ந்து, ஒரு லிட்டருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், உடனடிக் காப்பித்தூள் 40 கிராம் என்னும் கலவையாக வழங்குகிறது. 20 பாகையில் 15 நிமிடம். சிக்கரி கலவாத தூளாக இருக்கட்டும். நாற்றம் பொறுக்க முடியாது, படம் வருகிறது.

முதலில் கேட்ட வினா நிலுவையில் நிற்கிறது. செல்பேசியில் எடுங்கள், வேண்டாம் என்பார் யார்? ஆனால் சென்ற ஆண்டு எடுத்த படங்கள் எத்தனை பேரிடம் இன்று இருக்கின்றன என்று இந்த அரங்கிலேயே கையுயர்த்தச் சொன்னால் தெரியும். செல்பேசி உடைந்தது, தொலைந்தது, மாற்றினோம் என்பீர்கள். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடித் திரட்டிப் பதிவு செய்யும் பணியைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவன ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்திருக்கின்றனர். நற்பணி. ஆனால் ஸ்டுடியோ வாசலையே மிதிக்காதவர்களின் முகத்தை எந்த ஆய்வாளர் எங்கே சென்று தேடுவார்? அதை நாமே எடுத்து, நாமே துலக்கி, நாமே வைத்திருக்கவேண்டும். முதல் பள்ளிக்கூடக் கட்டடம் எழும்ப மண் சுமந்தவர்கள் நம் தெருக்களில் இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்கின்றனர். மலைமேல், 1976 வரை நீடித்த ஜாகிர்தார் ஆட்சியில் வெட்டி வேலை செய்த முதியவர்களும் உளர். இவர்களுக்கே முதற்சுருள். படத்தின் பின்னால் சாதியை எழுதாதீர். பெயரையும், தந்தை தாய் பெயரையும், செய்த தொழிலையும், நாளையும் எழுதுக.

உலர்ந்த நெகட்டிவை ஆறு ஆறு படமாக வெட்டி, வெண்ணெய்த் தாள் உறையில் இட்டு, உறைமேல் எண் இடுகிறோம். கழக அலுவலகத்து இரும்புப் பெட்டியில் அவை உள்ளன. எவரும் கேட்டுப் பார்க்கலாம். முதல் எண் அந்த மருத்துவச்சியுடையது. இன்று மாலை உணவுக்குப் பின் விடுதிப் பண்டக அறையின் சன்னல்களைக் கம்பளியால் மூடி, ஒரு லிட்டர் டி-23 கலக்க இருக்கிறோம். பதின்மருக்கு இடமுண்டு. மெட்டால் கறை எளிதில் போகாது. பழைய சட்டை அணிந்து வருக.